நாலு டவுன், பத்து கெஜம்: அமெரிக்கக் கால்பந்தை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

ஒஹாயோ_புதுசு:
வணக்கம். கொலம்பஸுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. செப்டம்பர் பிறந்ததிலிருந்து அலுவலகத்தில் திங்கட்கிழமை காலை என்றால் இந்த ஆட்டத்தைப் பற்றிய பேச்சுதான். சனிக்கிழமை கல்லூரி ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை தொழில்முறை லீகான என்எஃப்எல். நானும் மூன்று ஞாயிறு முழுதாக உட்கார்ந்து பார்த்துவிட்டேன். பந்து ஐந்தாறு நொடி நகர்கிறது, எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள், விசில் ஊதுகிறார்கள், அப்புறம் அரை நிமிடம் வட்டமாக நின்று பேசுகிறார்கள். வர்ணனையாளர் 'தேர்ட் அண்ட் செவன்' என்றதும் என்னோடு பார்ப்பவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள், எனக்கு மட்டும் ஏன் என்று தெரியவில்லை. அதைவிடப் புரியாதது, கையிலிருக்கும் பந்தைத் தாங்களாகவே எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கிறார்களே, அது எதற்கு? விதிகளை எடுத்துப் படித்தேன், 22 பேரின் இடமும் பெயரும் தலையில் நிற்கவில்லை. கற்றுக்கொள்ள உண்மையிலேயே ஆசை. பொறுமையாக யாராவது சொல்லுங்கள்.

கடைசி_வரிசை:
பெயர்களை இப்போதைக்கு விடுங்கள். டவுன் கணக்கு மட்டும் பிடிபட்டால் மற்றது தானாக வரும்.

நாலாம்டவுன்:
மேலே சொன்னது சரி. அதையே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது நிலம் பிடிக்கும் ஆட்டம். மைதானம் 100 கெஜம், இரண்டு முனையிலும் 10 கெஜத்துக்கு எண்ட் சோன். எதிரணியின் எண்ட் சோனுக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சி, ஒவ்வொன்றுக்கும் டவுன் என்று பெயர். அந்த நான்குக்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடி புதிதாக நான்கு முயற்சி கிடைக்கும், முடியாவிட்டால் பந்து நின்ற இடத்திலேயே எதிரணிக்குப் போய்விடும். 'தேர்ட் அண்ட் செவன்' என்றால் இது மூன்றாவது முயற்சி, இன்னும் 7 கெஜம் பாக்கி. உங்களோடு பார்ப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவது அதனால்தான், 7 கெஜத்தை ஓடி எடுப்பது கடினம், எறிந்தாக வேண்டும், அது எதிரணிக்கும் தெரியும். அதுவே 'தேர்ட் அண்ட் ஒன்' என்றால் கதை வேறு, முட்டி மோதியே ஒரு கெஜம் எடுத்துவிடலாம்.

இந்த விதி வந்த காரணம் தெரிந்தால் நன்றாக மனதில் பதியும். 1869-இல் ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் மோதிய முதல் கல்லூரி ஆட்டத்தில் அணிக்கு 25 பேர், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடக்கூட முடியாது. அப்புறம் ரக்பி வழி ஆட்டம் வந்தது. 1880-இல் யேல் கல்லூரியின் வால்டர் கேம்ப் ஒரு மாற்றம் கொண்டுவந்தார்: இரு அணியும் பந்துக்காகப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருக்க வேண்டாம், பந்து ஒரு அணிக்குச் சொந்தம், கோட்டில் வைத்துப் பின்னால் தள்ளி ஆட்டத்தைத் தொடங்கட்டும் என்று. கேட்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் அடுத்த வருடமே யேலும் பிரின்ஸ்டனும் ஆடியபோது ஒரு பாதி முழுக்க ஒரு அணி பந்தை விடாமல் வைத்துக்கொண்டது, மறுபாதியில் மற்றது வைத்துக்கொண்டது. இரண்டும் பூஜ்யம். பார்க்க வந்தவர்களுக்குக் கோபம். பந்து உன்னிடம் இருக்கலாம், ஆனால் முன்னேறிக் காட்டு, இல்லையென்றால் கொடுத்துவிடு என்று 1882-இல் விதி எழுதினார்கள். அப்போது மூன்று முயற்சியில் 5 கெஜம். அதை அளக்கத்தான் மைதானம் முழுக்கக் கோடு போட்டார்கள். 1906-இல் அது 10 கெஜமானது, 1912-இல் நான்காவது முயற்சியும் சேர்ந்தது.

அதனால் ஆட்டம் நடுவில் நின்று நின்று போகிறது என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு டவுனும் தனி ஆட்டம், கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்தும் தனியாக நடப்பதுபோல. இடையில் இருக்கும் அந்த அரை நிமிடத்தில்தான் இரு பக்கமும் அடுத்து என்ன என்று யோசிக்கிறார்கள்.

ஒஹாயோ_புதுசு:
ரொம்ப நன்றி அண்ணா, 1881 கதை கேட்டதும் டவுன் எதற்கு என்று புரிந்துவிட்டது. அப்போ உதைத்துக் கொடுப்பது நான்காவது முயற்சியில் தோற்றுவிடுவோம் என்ற பயத்திலா?

பஃபலோ_பனி:
பயம் என்பதைவிடக் கணக்கு. உங்கள் அணி தன் 25 கெஜக் கோட்டில் நிற்கிறது, ஃபோர்த் அண்ட் எய்ட். முயன்று தவறினால் எதிரணி அங்கேயே பந்தை எடுத்துக்கொள்ளும், அவர்களுக்கு எண்ட் சோன் 25 கெஜம்தான். நீங்கள் கேட்ட அந்த உதைக்குப் பண்ட் என்று பெயர், அதை அடித்தால் பந்து 40, 45 கெஜம் தள்ளிப் போய் விழும், அவர்கள் அங்கிருந்து நடந்து வர வேண்டும். பந்தைக் கொடுத்து நிலத்தை வாங்கிக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான்.

எதிரணியின் பக்கம் ஆழமாகப் போய்விட்டால் பண்ட் தேவையில்லை, கம்பத்துக்கு இடையில் உதைத்து ஃபீல்டு கோல் எடுக்கலாம், 3 புள்ளி. அதற்கு ஒரு சின்னக் கூட்டல் இருக்கிறது. கம்பம் எண்ட் சோனின் பின்கோட்டில் நிற்பதால் 10 கெஜம், பந்தைத் தரையில் நிறுத்திப் பிடிப்பவர் பின்னால் உட்காருவதால் ஏறக்குறைய 7 கெஜம். அதாவது 30 கெஜக் கோட்டில் நின்றால் உதையின் தூரம் 47. எங்கள் ஊரில் 47 என்ற எண்ணை யாரும் மறக்க மாட்டார்கள். 1991 ஜனவரி, என்எஃப்எல் இறுதியாட்டமான சூப்பர் பவுல், எங்கள் ஊர் பஃபலோ பில்ஸ் 19, நியூயார்க் ஜயண்ட்ஸ் 20, எட்டு நொடி பாக்கி. பில்ஸின் ஸ்காட் நார்வுட் உதைத்த 47 கெஜப் பந்து வலது கம்பத்துக்கு வெளியே போய்விட்டது. மறுநாள் ஊர் திரும்பிய அணியை வரவேற்கக் கூடிய கூட்டம் நார்வுட்டின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டது, அவர் மேடையில் முன்னால் வந்து பேசியபோது கண் கலங்கியிருந்தது. நான் இந்த ஊருக்கு வந்து வெகுநாள் கழித்துத்தான் அந்தக் காட்சியைப் பார்த்தேன், அன்றிலிருந்து பில்ஸ்தான் என் அணி.

டச்டவுன் என்றால் 6, அதற்குப் பின் உதைத்தால் 1, உதைக்காமல் மறுபடி ஓடியோ எறிந்தோ உள்ளே போனால் 2. இவ்வளவு போதும் இப்போதைக்கு.

ஒஹாயோ_புதுசு:
சரி, இனி ஆட்கள். குவார்ட்டர்பேக் மட்டும் தெரியும், பந்தை எறிபவர். மற்றவர்களை எப்படி ஞாபகம் வைப்பது?

அறுபத்தாறின்_அப்பா:
இதை நான் சொல்கிறேன், எனக்கு ரொம்ப வேண்டிய விஷயம் இது. என் மகன் உயர்நிலைப் பள்ளியில் நான்கு வருடம் லெஃப்ட் கார்டு ஆடினான், சட்டை எண் 66.

முதலில் கோட்டில் நிற்கும் ஐந்து பேரைப் பாருங்கள். நடுவில் சென்டர், பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் தள்ளுபவர், அதைத்தான் ஸ்னாப் என்கிறோம். அவருக்கு இருபுறமும் கார்டு, கார்டுகளுக்கு வெளியே டாக்கிள். இந்த ஐந்து பேரும் வழக்கமாக எறிந்த பந்தைப் பிடிக்கக் கூடாது, பந்து எறியும் ஆட்டத்தில் கோட்டைத் தாண்டி முன்னால் ஓடிப் போகவும் கூடாது. அதனால்தான் 50 முதல் 79 வரை எண் போட்டிருப்பார்கள், நடுவர் பார்த்ததும் கண்டுபிடிக்க. அவர்களுக்குக் கிடைத்த வேலை தடுப்பது மட்டும். எதிரே வருபவரைச் சட்டையைப் பிடித்து இழுக்காமல், உள்ளங்கையால் நெஞ்சில் கொடுத்து, இடுப்பைத் தாழ்த்தி நிறுத்த வேண்டும். இழுத்தால் ஹோல்டிங், 10 கெஜம் பின்னால் போக வேண்டும்.

ஐவரில் லெஃப்ட் டாக்கிளுக்குத் தனி மதிப்பு. வலக்கைக்காரக் குவார்ட்டர்பேக் எறியத் திரும்பும்போது அவருடைய இடப்பக்கம் முதுகுப்பக்கமாகிவிடும், அங்கிருந்து வருபவரை அவர் பார்க்கவே முடியாது. 1985 நவம்பரில் வாஷிங்டனில் ஜயண்ட்ஸின் தடுப்பணி வீரர் லாரன்ஸ் டெய்லர், வாஷிங்டன் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனை விழுத்தியபோது தைஸ்மனின் கால் எலும்பு இரண்டாக முறிந்தது. டெய்லரே பதறிப்போய் எழுந்து உதவிக்குக் கையசைத்தார். தைஸ்மன் அப்புறம் ஆடவே இல்லை.

மகன் சேர்ந்த முதல் வருடம் நான் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் என்ன செய்கிறான் என்றே தெரியவில்லை. வீட்டுக்கு வந்தால் முன்கை இரண்டும் நீலம் பாய்ந்திருக்கும். பயிற்சியாளர் 30 பவுண்டு ஏற்றச் சொன்னார் என்று காலையில் பன்னிரண்டு இட்லியும் நாலு முட்டையும் சாப்பிட்டுப் போவான். ஒருநாள் அவனே சொன்னான், "அப்பா, பந்து போனதும் நீங்க அது பின்னாடியே போயிடுறீங்க, என் இடுப்பை மட்டும் ஒரு ஆட்டம் பாருங்க". பார்த்தேன். இடுப்பு தாழ்ந்திருந்த டவுன்களில் அவன் பக்கம் வழி திறந்தது, நிமிர்ந்த டவுன்களில் அவன் பின்னால் தள்ளப்பட்டான். அன்றைக்குத்தான் இந்த ஆட்டம் எனக்குத் தெரிந்தது என்பேன். புதுசு தம்பி, உங்களுக்கும் அதையே சொல்கிறேன், ஆட்டத்தின் நான்கு பகுதியில் ஒன்று முழுக்க ஒரே ஒரு கார்டைப் பாருங்கள்.

நாலாம்டவுன்:
இதைவிட நன்றாக என்னால் சொல்லியிருக்க முடியாது. மீதி ஆறு பேரை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குவார்ட்டர்பேக் ஒருவர். அவருக்குப் பக்கத்திலோ பின்னாலோ ரன்னிங் பேக், பந்தை வாங்கி ஓடுபவர். அகலமாக ஓரத்தில் நிற்பவர்கள் வைடு ரிசீவர்கள், எறிந்த பந்தைப் பிடிப்பவர்கள். டாக்கிளுக்குப் பக்கத்தில் ஒட்டி நிற்பவர் டைட் எண்ட், தடுக்கவும் வேண்டும் பிடிக்கவும் வேண்டும், இரண்டு வேலைக்கும் உடம்பு அமைந்தவர்கள் அபூர்வம். எத்தனை ரிசீவர், எத்தனை பேக் என்பது டவுனுக்கு டவுன் மாறும், ஆனால் கோட்டில் குறைந்தது ஏழு பேர் நிற்க வேண்டும்.

வட்டமாக நின்று பேசுவதைக் கேட்டிருந்தீர்கள். அதற்கு ஹடில் என்று பெயர். 1890-களில் வாஷிங்டனில் காது கேளாதோருக்கான கல்லூரியான கேலடெட்டின் அணியில், எதிரணி தங்கள் சைகையைப் படித்துவிடக் கூடாது என்று வீரர்கள் வட்டம் கட்டி நின்றார்கள், அங்கிருந்து வந்த பழக்கம் என்பார்கள். இப்போது பயிற்சியாளரின் குரல் குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் ஒலிபெருக்கியில் வருகிறது. கவசத்தின் பின்னால் பச்சைப் புள்ளி தெரியும், கவனியுங்கள். தடுப்பணியிலும் ஒருவருக்கு அது உண்டு.

கேள்விக்குறி:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்குப் பல வருடக் குழப்பம். 'டாக்கிள்' என்றால் ஆளைப் பிடித்து விழுத்துவது, ஆனால் டாக்கிள் என்ற ஆள் விழுத்துவதே இல்லை. 'சேஃப்டி' என்று ஒரு ஆளையும் சொல்கிறார்கள், 2 புள்ளி கிடைப்பதையும் சொல்கிறார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பு உண்டா?

நாலாம்டவுன்:
நல்ல கேள்வி, பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். நான் அவற்றைத் தனித்தனிச் சொற்களாகவே வைத்துக்கொள்கிறேன். டாக்கிள் என்ற இடம் இரு அணியிலும் உண்டு, தாக்கும் அணியில் அவர் தடுப்பவர், தடுப்பணியில் நடுவில் நிற்கும் பெரிய உடம்புக்காரர். சேஃப்டி என்ற ஆள் தடுப்பணியின் கடைசி வரிசை, எல்லோரையும் தாண்டி வருபவரைப் பிடிக்க ஆழத்தில் நிற்பவர். சேஃப்டி என்ற புள்ளி, பந்து வைத்திருப்பவரை அவருடைய சொந்த எண்ட் சோனுக்குள்ளேயே விழுத்தினால் எதிரணிக்குக் கிடைக்கும் 2. அதோடு பந்தையும் அவர்களுக்கே உதைத்துக் கொடுக்க வேண்டும், அதனால் அந்த இரண்டு புள்ளி இரண்டைவிடப் பெரியது.

தடுப்பணியில் முன்வரிசையில் டாக்கிளும் எண்டும், அதற்குப் பின்னால் லைன்பேக்கர்கள், ரிசீவர்களுக்கு எதிரே கார்னர்பேக்குகள், கடைசியில் சேஃப்டிகள். லைன்பேக்கர்தான் எனக்குப் பிடித்த இடம், ஓட்டத்தையும் நிறுத்த வேண்டும், எறிதலுக்கும் பின்னால் ஓட வேண்டும், சில டவுனில் நேராகக் குவார்ட்டர்பேக்கைப் பிடிக்கப் பாய வேண்டும், எது என்பதை ஸ்னாப்புக்குப் பின் அரை நொடியில் முடிவு செய்ய வேண்டும்.

சியாட்டில்_மழை:
கடிகாரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. டவுனும் ஆளும் தெரிந்தாலும் கடிகாரம் தெரியாமல் கடைசி இரண்டு நிமிடம் புரியாது. 15 நிமிடமாக நான்கு பகுதி. பந்தைத் தூக்கி ஓடி மைதானத்துக்குள் விழுந்தால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எறிந்த பந்து யார் கையிலும் சேராமல் தரையில் விழுந்தால் நின்றுவிடும். கடிகாரத்தை நிறுத்த ஒவ்வொரு அணிக்கும் பாதிக்கு மூன்று டைம்அவுட்.

இதை வைத்து என் வாழ்நாள் வருத்தத்தைச் சொல்கிறேன். 2015 பிப்ரவரி 1, அரிசோனாவில் சூப்பர் பவுல். எங்கள் சியாட்டில் சீஹாக்ஸ் 24, நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 28. எங்களுக்கு செகண்ட் டவுன், எண்ட் சோனுக்கு ஒரே கெஜம், 26 நொடி, ஒரு டைம்அவுட். பின்னால் நிற்பது எங்கள் ரன்னிங் பேக் மார்ஷான் லிஞ்ச், அந்தக் காலத்தில் அவரை ஒரு ஆள் தனியாக விழுத்த முடியாது. அவர் கையில் கொடுக்க வேண்டியதுதானே! எறிந்தார்கள். பேட்ரியட்ஸின் கார்னர்பேக் மால்கம் பட்லர் பாய்ந்து பறித்துவிட்டார். வீட்டில் இருபது பேர் இருந்தோம், ஒருவரும் பேசவில்லை. இன்றுவரை அது தப்பான முடிவு என்பேன்.

நாலாம்டவுன்:
உங்கள் வலி புரிகிறது, ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கணக்கைப் பாருங்கள். மூன்று டவுன் பாக்கி, டைம்அவுட் ஒன்றுதான். இரண்டாவதில் ஓடி நின்றுவிட்டால் டைம்அவுட் போய்விடும். மூன்றாவதிலும் ஓடி நின்றால் கடிகாரம் ஓடும், நான்காவதற்கு வரிசை கட்டுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடலாம். மூன்று முயற்சியையும் நிம்மதியாகப் பயன்படுத்த வேண்டுமானால் ஒன்றையாவது எறிந்தாக வேண்டும், விழுந்தால் கடிகாரம் நிற்கும், டைம்அவுட் மிச்சம். முடிவில் தப்பில்லை. நடுவில் கூட்டத்துக்குள் எறிந்ததை வேண்டுமானால் குறை சொல்லலாம், ஓரமாக எறிந்திருக்கலாம்.

இதில் பட்லருக்குச் சேர வேண்டியதைக் கொடுக்க வேண்டும். கல்லூரி வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காத புது ஆள் அவர். பயிற்சியின்போது இதே அமைப்பில் அவர் ஏமாந்து டச்டவுன் விட்டிருந்தார். அன்று இரண்டு ரிசீவர் ஒருவர் பின்னால் ஒருவராக நின்றதைப் பார்த்ததுமே அதுதான் வருகிறது என்று தெரிந்துகொண்டு ஓடினார்.

அப்புறம், அதோடு ஆட்டம் முடியவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பட்லர் விழுந்தது தன் பக்கத்து ஒரு கெஜக் கோட்டில், 20 நொடி பாக்கி. வழக்கமாக முன்னிலையில் இருக்கும் அணியின் குவார்ட்டர்பேக் பந்தை வாங்கியதும் முட்டி போட்டு டவுனை அங்கேயே முடித்துக் கடிகாரத்தை ஓட்டிவிடுவார். அங்கே பேட்ரியட்ஸ் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி முட்டி போட்டால் அது எண்ட் சோனுக்குள், அதாவது சேஃப்டி. 28–26 ஆகும், பந்தும் சியாட்டிலுக்கு. மேலே கேட்ட அந்த 2 புள்ளி எவ்வளவு பெரியது பாருங்கள். அடுத்து நடந்தது, சியாட்டிலின் மைக்கேல் பென்னட் ஸ்னாப்புக்கு முன்பே கோட்டைத் தாண்டிவிட்டார், 5 கெஜம் அபராதம். பேட்ரியட்ஸ் ஆறு கெஜக் கோட்டுக்கு வந்து நிம்மதியாக முட்டி போட்டார்கள்.

சியாட்டில்_மழை:
பென்னட் விஷயம் ஞாபகம் இருக்கிறது. கணக்கு சரிதான். இருந்தாலும் லிஞ்ச்சுக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும், இதில் நான் மாற மாட்டேன்.

கேள்விக்குறி:
ஒன்று கேட்க வேண்டும், 66-இன் அப்பாவிடம் முக்கியமாக. என் பையனுக்கு 13 வயது, சேர வேண்டும் என்கிறான். தலையில் அடிபடுவதைப் பற்றிப் படித்துப் படித்துத் தூக்கம் வரவில்லை. எப்படி விட்டீர்கள்?

அறுபத்தாறின்_அப்பா:
நேர்மையாகச் சொல்கிறேன். அவன் சேர்ந்தபோது எனக்கு மைக் வெப்ஸ்டரைப் பற்றித் தெரியாது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் சென்டர், நான்கு சூப்பர் பவுல் வென்றவர், 2002-இல் 50 வயதில் இறந்தார். கடைசி வருடங்களில் நினைவு தடுமாறி, வீடில்லாமல் வண்டியில் படுத்த நாட்களும் உண்டு. மருத்துவர் பென்னட் ஒமாலு அவருடைய மூளையை ஆராய்ந்து 2005-இல் எழுதியதற்குப் பிறகுதான் இந்தப் பேச்சு பெரிதானது. வெப்ஸ்டர் ஆடியது என் மகன் ஆடிய கோட்டில்தான். பெரிய மோதல் மட்டுமல்ல, ஒவ்வொரு டவுனிலும் அந்த வரிசையில் தலையும் தலையும் லேசாக இடித்துக்கொண்டே இருக்கும், அதுவும் சேர்ந்துகொண்டே போகும் என்று படித்தபோது அவன் மூன்றாவது வருடத்தில் இருந்தான். உட்கார வைத்துப் பேசினோம். ஒருமுறை மூளை அதிர்ச்சி என்று சொன்னாலும் அன்றோடு நிறுத்தம், மறைக்கக் கூடாது என்று கையடித்து வாங்கினேன். கல்லூரியில் ஆடக் கேட்டார்கள், அவன் வேண்டாம் என்றான், எனக்கு மூச்சு வந்தது.

அவனுக்கு அந்த ஆட்டம் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன், அதையும் மறுக்க மாட்டேன். ஆனால் இன்று 13 வயதில் கேட்டால், மோதல் இல்லாமல் இடுப்பில் கட்டிய கொடியைப் பறிக்கும் ஃபிளாக் ஃபுட்பால் இரண்டு வருடம் ஆடட்டும் என்பேன். டவுன், ஓட்டம், எறிதல், பிடித்தல் எல்லாம் அதிலேயே பழகலாம். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில்கூட அதைச் சேர்த்திருக்கிறார்கள்.

கேள்விக்குறி:
நன்றி அண்ணா. இன்று இரவு அவனிடம் பேசுகிறேன்.

ஒஹாயோ_புதுசு:
ஞாயிறு ஆட்டம் பார்த்துவிட்டு எழுதுகிறேன். இரண்டாம் பகுதி முழுக்க லெஃப்ட் கார்டை மட்டும் பார்த்தேன். முதல் பத்து டவுன் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு தடவை அவர் எதிரே நிற்பவரை விட்டுவிட்டு, கோட்டுக்குப் பின்னாலேயே வலப்பக்கம் ஓடிப் போய் அங்கே ஒருவரைத் தள்ளினார், அந்த வழியாக ரன்னிங் பேக் 12 கெஜம் போனார். நான் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் பந்து வைத்திருந்தவருக்குக் கை தட்டினார்கள், நான் கார்டுக்குத் தட்டினேன்.

ஒரு சந்தேகம் மட்டும். எண்ட் சோனுக்குப் பக்கத்தில் வந்ததும் 72 எண் போட்ட ஒருவர் நடுவரிடம் போய் நெஞ்சைத் தடவிக் காட்டி ஏதோ சொன்னார், நடுவர் அதை ஒலிபெருக்கியில் அறிவித்தார். 72 என்றால் பிடிக்கக் கூடாத எண் அல்லவா?

அறுபத்தாறின்_அப்பா:
கார்டு ஓடியதற்குப் 'புல்லிங்' என்று பெயர், என் மகனுக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். அவனிடம் இதைக் காட்டுகிறேன்.

நாலாம்டவுன்:
அந்த 72 சொன்னது, இந்த டவுனில் நான் பந்து பிடிக்கத் தகுதியுள்ளவன் என்று. என்எஃப்எல்லில் அப்படி முன்கூட்டியே நடுவரிடம் சொல்லிவிட்டு வரிசையின் கடைசி ஆளாக நின்றால் பிடிக்கலாம், எதிரணிக்கும் தெரிய வேண்டும் என்பதற்குத்தான் அறிவிப்பு. பெரும்பாலும் கூடுதலாக ஒரு தடுப்பாளர் வேண்டும் என்றுதான் கொண்டுவருவார்கள், தடுப்பணியும் அப்படித்தான் நினைத்துக்கொள்ளும். அடுத்த முறை அந்த அறிவிப்பு வந்தால் பந்தையும் கார்டையும் விட்டுவிட்டு அவரையே பாருங்கள். ஸ்னாப் ஆனதும் ஒருவரை லேசாக இடித்துவிட்டு அவர் எண்ட் சோனுக்குள் நழுவினால், பந்து அங்கேதான் வருகிறது.